டிம் அடிக்காமல் வருகிறவரை என்ன செய்வது? வண்டி விளக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டி விளக்கைப் பற்றியவை. அதனால் லைசென்ஸ், டோல்கேட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், இந்த முறை முழுக்க விளக்குதான். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும். இரண்டும் நாடு முழுக்கப் பொது.

கேள்வி: வாரத்தில் பாதி நாள் இரவில்தான் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போய் வருகிறேன். எதிரே வருகிறவர்களில் டிம் அடிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கண் முன்னால் வெள்ளையாகி, சாலை ஓரம் எது, நடந்து போகிற ஆள் எது என்றே தெரியவில்லை. ஹை பீமில் வருவது குற்றமா இல்லையா? (புதுக்கோட்டை வாசகர்)

குற்றம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதற்காகவே இருக்கிறது. அது அளக்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கண் கூசாத அளவுக்கு ஒளி கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய எதிரே பைக்கில் வருகிறவரின் கண் மட்டம். ஆக, உங்கள் விளக்கு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எதிரே வருகிறவர் என்றுதான் விதி நினைக்கிறது. எனக்கு இந்த விதி மேல் தனி மரியாதை வந்ததே இதனால்தான்.

இன்னொரு பக்கம் 105-வது விதி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரைக்கும், அப்புறம் வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும், 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது. தூரமாகவும் தெரிய வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசக் கூடாது. இரண்டையும் ஒரே வண்டியில் நடத்தத்தான் கையெட்டும் தூரத்தில் டிப்பர் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஆளில்லாத சாலையில் ஹை பீம் போடுங்கள், அதில் தப்பே இல்லை. எதிரே ஒரு வண்டி தெரிந்ததும் டிம் அடிக்க வேண்டும். முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருக்க நீங்கள் பின்னாலேயே போகும்போதும் அப்படித்தான், அவருடைய கண்ணாடியில் உங்கள் வெளிச்சம் பட்டு அவருக்குக் கண் அவியும். தெருவிளக்கு நன்றாக எரிகிற ஊருக்குள் ஹை பீமுக்கு வேலையே கிடையாது.

ஏன் ஒருவரும் செய்வதில்லை என்றால், வேகத்தைக் குறைக்க மனசில்லை, அவ்வளவுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஒன்றைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க 70 மீட்டர் ஆகிவிடும், அதுவும் காய்ந்த சாலையில். பல கார்களின் டிம் வெளிச்சம் 50, 60 மீட்டருக்கு மேல் உருப்படியாகக் காட்டாது. எனவே டிம் அடிக்கிறவர் வேகத்தையும் 60-க்குக் கீழே இறக்கியாக வேண்டும். இறக்க விரும்பாதவர் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் கண்ணைப் பறித்துக்கொண்டு போகிறார். இதை மரியாதைக் குறைவு என்று சொல்லி விட்டுவிட முடியாது, அந்த நாலைந்து நொடியில் நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் அடிபட்டுச் சாகிறார்கள்.

தண்டனை என்று பார்த்தால், தனியாக எதுவும் சொல்லப்படாத மீறல்களுக்கு உள்ள 177-வது பிரிவு. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை. 2019 திருத்தத்துக்கு முன்னால் இது 100, 300 என்று இருந்தது. காசு ஏறியிருக்கிறது, இரவு பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று பிடிக்க ஆள் வேண்டுமே, அதுதான் பிரச்சினை.

நீங்கள் செய்யக்கூடியது: இரண்டு மூன்று முறை டிப்பர் அடித்துக் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் சாலையில் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிறார்கள் என்று அர்த்தம். பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டுக்கு இறக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். உங்கள் முன்கண்ணாடியின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். உள்ளே படிந்திருக்கும் மெல்லிய புகைப்படலம் பகலில் கண்ணுக்கே தெரியாது, இரவில் எதிர்வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க விரிந்துவிடும்.

இன்னொன்று, டிம்மில் வருகிறவரே கண்ணைக் கூச வைப்பதும் உண்டு. டிக்கி நிறைய சாமான், பின்சீட்டில் மூன்று பேர் என்றால் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், ஒளியும் கூடவே ஏறிவிடும். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதே, அது இதற்குத்தான். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் ஒளி இறங்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் ஏராளம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: சமதளமான இடத்தில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு வெட்டினாற்போல விழும். அந்தக் கோடு உங்கள் விளக்கின் நடு உயரத்தைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், இடக்கோடியில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் நடைபாதையும் பலகையும் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கோடு மேலே இருந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி இறக்கலாம், தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: ஏழு வருடக் கார். ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டால், எல்இடி பல்பு போடுங்கள் சார், அப்படியே சொருகிவிடலாம், வயரிங் வெட்ட வேண்டாம், போலீஸும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். போடலாமா? (சென்னை வாசகர்)

போடாதீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், வெறும் தடை என்றால் யாரும் கேட்பதில்லை.

உங்கள் காரில் இருப்பது அநேகமாக ஹெச்-4 பல்பு. ஒருமுறை அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல், அடிப்பாகத்தைப் பிடித்து, விரல் எண்ணெய் பட்டால் ஆயுள் குறையும்). உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று ஹை பீமுக்கு, 60 வாட். இன்னொன்று டிம்முக்கு, 55 வாட். டிம் இழைக்கு அடியில் மட்டும் தகரத்தில் செய்தாற்போல ஒரு குட்டிக் கிண்ணம் தெரியும். அந்த இழையின் ஒளி கீழ்ப்பக்கப் பிரதிபலிப்பான் மேல் விழாமல் அது மறைக்கிறது, அதனால்தான் டிம் வெளிச்சம் மேலே ஏறாமல் தரையோடு போகிறது. ஹெட்லைட்டின் உட்குழிவு முழுவதும் அந்த இழை எந்த மில்லிமீட்டரில் இருக்கிறதோ அதற்குக் கணக்குப் போட்டு வளைக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி தரும் சில்லுகள் வேறு இடத்தில், வேறு வடிவத்தில், இரண்டு பக்கமும் தட்டையாக ஒட்டியிருக்கின்றன. அதைக் கொண்டுபோய் அதே குழிவுக்குள் சொருகினால் ஒளி எங்கெங்கோ சிதறும். உங்களுக்கு வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று தெரியும், ஆஹா என்று இருக்கும். தூரத்தில் பழைய பல்பைவிடக் குறைவாகவே தெரிய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கிட்டத்தில் வெளிச்சம் கூடினால் கண் அதற்குப் பழகி, தொலைவு இருட்டாகிவிடும். எதிரே வருகிறவருக்கோ நேராகக் கண்ணுக்குள்.

சட்டத்துக்கு வருவோம். 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு, அனுமதியில்லாத முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கடைக்காரருக்கு அல்ல, உரிமையாளருக்கு. 'போலீஸ் கேட்க மாட்டார்கள்' என்று சொன்னவர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. 100/90 வாட் ஹாலஜன் பல்பும் இதே கதைதான். அதில் கூடுதலாக ஒரு ஆபத்து, 60/55-க்குப் போட்ட வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகும். கருகிப் பழுப்பேறிய ஹோல்டரைக் காட்டச் சொன்னால் எந்த எலக்ட்ரீஷியனும் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டுவார்.

எல்இடியே தப்பு என்று சொல்ல வரவில்லை. கம்பெனியிலேயே எல்இடியோடு வரும் விளக்கு, அதற்கென்றே வடிவமைத்து, ஏஐஎஸ் என்கிற இந்திய வாகனத் தரத்தின்படி, புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை அமைப்பில் சோதித்து வருவது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் முழு ஹெட்லைட் செட்டுகளிலும் எச்சரிக்கை வேண்டும். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை அதில் கலந்து வருகின்றன. மேலே சொன்னேனே, சுவரில் இடக்கோடியில் ஏறும் வெளிச்சம், அவற்றில் வலக்கோடியில் ஏறும். நம் ஊரில் அது நேராக எதிர்வண்டியின் முகம்.

அப்படியானால் வெளிச்சம் குறைந்ததற்கு என்ன வழி? ஏழு வருட வண்டி என்கிறீர்கள், முதலில் ஹெட்லைட்டின் முன்புற பிளாஸ்டிக்கைப் பாருங்கள். வெயிலில் மஞ்சளித்து மங்கிப் போயிருக்கும். அதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பல்பு கண்ணாடி கருத்திருந்தால் அதே வாட்டில் நல்ல கம்பெனிப் பல்பு இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஹோல்டர் வரைக்கும் பேட்டரி வோல்டேஜ் முழுசாக வந்து சேருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எர்த் வயரில் துரு இருந்தால் ஒரு வோல்ட் காணாமல் போகும், வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும். நீலமாக எரியும் பல்பு வேண்டாம், மழையில் ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: புது ஸ்கூட்டியில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே இல்லை. பகலில் எரிவது பேட்டரிக்குக் கேடு இல்லையா? சிக்னலில் நின்றால் யாராவது கையைக் காட்டி லைட் எரிகிறது என்கிறார்கள். (கோவை வாசகி)

2017 ஏப்ரல் 1 முதல் தயாரான இருசக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான், எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். ஐரோப்பாவில் 2003-லேயே வந்துவிட்டது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு வலியுறுத்தியதன் பேரில் இங்கே வந்தது. நீங்கள் பார்ப்பதற்காக அல்ல அம்மா, உங்களைப் பார்ப்பதற்காக. பஸ் டிரைவர் கண்ணாடியில் ஒரு பைக் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தால் கண் அங்கே போகும். பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, வண்டி ஓடும்போது மின்சாரம் எஞ்சினிலிருந்து வருகிறது. மெக்கானிக் ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் அனுமதியில்லாத மாற்றம்தான். விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டுகிறவர்களுக்கு ஒரு சிரிப்பு போதும், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பகலில் கட்டாயமில்லை, ஆனால் மழை நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு நாலு லாரி ஓடுகிறது. வழியில் பிரேக்டவுன் ஆகி ஓரமாக நிறுத்தியிருக்கும் போது பின்னால் யாராவது வந்து மோதினால் நம் மேல் வழக்கு போடுகிறார்கள். நின்ற வண்டி மேல் மோதியவன் தப்பு இல்லையா? (நாமக்கல் வாசகர்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விதி 109-ன்படி, பைக் போன்றவை தவிர்த்த எல்லா வண்டியிலும் முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளை அல்லது மஞ்சள் பார்க்கிங் லைட், பின்னால் இரண்டு பக்கமும் சிவப்பு பார்க்கிங் லைட் இருக்க வேண்டும், வண்டி சாலையில் நின்றுகொண்டிருந்தாலும் அவை எரிய வேண்டும். விதி 107-ன்படி 2.1 மீட்டருக்கு மேல் அகலமான சரக்கு வண்டிக்கு உச்சியில் நாலு மூலையிலும் டாப் லைட், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இரவில் நிறுத்தியிருந்தாலும் அதுவும் எரிய வேண்டும். இவை எரியாமல் சாலையில் ஒரு லாரி நின்றால், நின்றுகொண்டிருந்தது என்பது சாக்காகாது.

உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இரவில் நடுச்சாலையில் பார்க்கிங் லைட்டோ இன்டிகேட்டரோ இல்லாமல் ஒரு கேஸ் டேங்கர் நின்றிருந்தது, எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசிப்போய் ஒரு கார் அதில் மோதியது. உயர் நீதிமன்றம் காரோட்டியவர் மீதும் பாதிப் பழி போட்டு இழப்பீட்டைக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, காரோட்டியின் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை, முழுப் பொறுப்பும் டேங்கர் பக்கம்தான் என்றது. எல்லா வழக்கும் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது, வேகமாக வந்தாரா, குடித்திருந்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் விளக்கு எரியாத வண்டிக்காரர் முதல் வாதத்திலேயே பின்தங்கிவிடுவார்.

நம் ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, வண்டி நின்றதும் பின்னால் நாலு கல்லை வைத்து, ஒரு மரக்கிளையை ஒடித்துச் செருகிவிடுவார்கள். எச்சரிக்கை செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான், இருட்டில் கிளை தெரிய வேண்டுமே. பிறகு வண்டி கிளம்பும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள், விடியற்காலை பைக்கில் வருகிற பால்காரர் அதில் விழுகிறார். ஒவ்வொரு வண்டியிலும் பிரதிபலிக்கும் சிவப்பு முக்கோணம் இருக்க வேண்டியது கட்டாயம். அதை ஐம்பது மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள், வண்டியின் பம்பருக்கு அடியில் சாய்த்து வைத்துப் பயனில்லை. பேட்டரியே இறங்கிவிட்டால் பார்க்கிங் லைட்டும் இருக்காது என்பதால், பிரதிபலிக்கும் பட்டையை நம்புங்கள். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போவதற்கு முதல் நாள் ஒட்டி, அப்புறம் சேறும் கிரீஸும் மூடிக் கிடந்தால் அதில் வெளிச்சம் பட்டும் திரும்பாது. கிளீனர் பையனிடம் தினமும் முன்கண்ணாடி துடைக்கும் போதே பின்பட்டையையும் ஒரு துடை துடைக்கச் சொல்லுங்கள். நாலு லாரி வைத்திருக்கிறீர்கள், நீங்கள் சொன்னால் நாலு வண்டியிலும் நடக்கும்.

கேள்வி: கரும்பு சீசனில் டிராக்டர்கள் டிரெய்லரோடு இரவெல்லாம் ஓடுகின்றன. பின்னால் ஒரு விளக்கும் தெரிவதில்லை. அவர்களுக்கு விலக்கு உண்டா? மாட்டுவண்டிக்கு? (விழுப்புரம் வாசகர்)

டிராக்டருக்கு விலக்கு கிடையாது. அதுவும் மோட்டார் வாகனம், டிரெய்லருக்கும் பின்விளக்கும் பிரதிபலிப்பானும் வேண்டும். பின்னால் தெரியும் சிவப்பு 155 மீட்டரிலிருந்து கண்ணில் பட வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன என்றால், விளக்கு இருக்கிறது, ஆனால் கரும்புத் தோகை டிரெய்லரின் பின்கதவுக்கு வெளியே இரண்டு மூன்று அடி நீட்டி, தழைந்து, விளக்கையும் பட்டையையும் நம்பர் பிளேட்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. பின்னால் வருகிறவருக்கு அது சாலையோர மரத்தின் நிழல் மாதிரி தெரியும், கிட்டே போனால்தான் நகர்வது தெரியும். டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குப் போகும் வயரின் பிளக் கழன்று தொங்குவது இன்னொரு வழக்கமான காட்சி. பாரத்தைக் கட்டி முடித்ததும் ஒருவர் இருபது அடி பின்னால் போய் நின்று, ஓட்டுநரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும், இரண்டு நிமிட வேலை. பாரம் மறைக்கிறதென்றால் ஒரு கழியில் விளக்கைக் கட்டிப் பாரத்தின் கடைசி நுனியில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். ஆலை வாசலில் எடை போடும் இடத்திலேயே இதைப் பார்த்து அனுப்பினால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும், ஆலை நிர்வாகங்கள் மனது வைக்க வேண்டும்.

மாட்டுவண்டி மோட்டார் வாகனச் சட்டத்தில் வராது. ஆனாலும் பின்பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், மாட்டின் கொம்பில் ஒட்டுகிறவர்களும் உண்டு. வண்டிக்கு அடியில் அரிக்கன் விளக்கு கட்டித் தொங்கவிட்ட காலத்தில் எதிரே வந்தவை எல்லாம் மாட்டுவண்டிகளாக இருந்தன.

கேள்வி: கோத்தகிரியில் ஜீப் ஓட்டுகிறேன். மூடுபனிக்காகக் கூரை மேல் வரிசையாக விளக்கு போட்டேன், பிரேக் இன்ஸ்பெக்டர் கழற்றச் சொல்கிறார். மலையில் இருப்பவர்களுக்கு இது தேவைதானே? (நீலகிரி வாசகர்)

இன்ஸ்பெக்டர் சொன்னது சரி. விதி 111 முன்பக்கம் ஸ்பாட் லைட், தேடுவிளக்கு வைப்பதையே தடுக்கிறது, தவிர்க்க முடியாத சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் அனுமதியோடு மட்டும் வைக்கலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மூடுபனிக்கு அந்த விளக்கால் ஒரு பயனும் இல்லை. பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. உயரத்திலிருந்து, உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் அத்தனை துளியும் அதை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹை பீம் போட்டாலும் அதே கதி. பனி விளக்கைப் பம்பரில் தாழ்வாக வைப்பதும், அகலமாக, மேலே ஏறாமல் ஒளி விழச் செய்வதும் இதனால்தான். டிம், தாழ்ந்த பனி விளக்கு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஹாரனுக்குக் காது கொடுப்பது, வேகம் இருபது. கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் ஒரு வசதியும் இருக்கிறது, எதிரே ஏறி வருகிறவரின் வெளிச்சம் பாறையில் பட்டு முன்கூட்டியே தெரியும். அவர் ஏறுகிறவர் என்றால் வழி அவருக்கு.

கேள்வி: மழையில் எல்லோரும் நாலு இன்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். சிலர் நாற்சந்தியில் நேராகப் போவதற்கும் போடுகிறார்கள். சரியா? (திருச்சி வாசகி)

இரண்டும் தப்பு. அது நின்றுபோன வண்டிக்கானது. நாற்சந்தியில் உங்களுக்கு இடப்புறச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் இடது இன்டிகேட்டர் மட்டும்தான் கண்ணில் படும். நீங்கள் அவர் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று நினைத்து அவர் வண்டியை எடுப்பார், நீங்கள் நேராக வந்து இடிப்பீர்கள். நேராகப் போவதற்குச் சைகையே தேவையில்லை. மழையில் போட்டுக்கொண்டு ஓட்டினால், லேன் மாறும்போது இன்டிகேட்டர் போட்டாலும் பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது. மழைக்கு டிம் ஹெட்லைட்டே போதும், அதோடு டெயில் லைட்டும் எரிகிறதே. முன்னால் விபத்து என்று திடீரென வேகம் குறைக்கும்போது பின்னால் வருகிறவருக்குத் தெரிய ஓரிரு நொடி போட்டு அணைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தன் காரின் கிரில்லுக்குள் சிவப்பு-நீல விளக்கு வைத்துப் பளிச் பளிச்சென்று போகிறார். கட்சிப் பொறுப்பில் இருக்கிறாராம். (சேலம் வாசகர்)

எந்தப் பொறுப்பாக இருந்தாலும் கூடாது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், நீதிபதிகள், அதிகாரிகள் கார்களிலிருந்தே சுழல்விளக்கு இறங்கிவிட்டது. தீயணைப்பு, காவல், பேரிடர்ப் பணி, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வேலைக்கு மட்டுமே அனுமதி. விதி 108-ன்படி சாதாரண வண்டியில் முன்பக்கம் சிவப்பு தெரியவே கூடாது. இது வெறும் பந்தாவாக இருந்தால்கூட விட்டுவிடலாம், ஆனால் போலி விளக்குக்கு ஒதுங்கி ஒதுங்கி அலுத்தவர்கள் கடைசியில் ஆம்புலன்ஸுக்கும் ஒதுங்குவதில்லை. வண்டி எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ போக்குவரத்துக் காவலிலோ புகார் கொடுங்கள்.

கேள்வி: மகன் பைக்கின் டெயில் லைட்டுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறான். இன்டிகேட்டர் சின்னதாக மாற்றியிருக்கிறான். நம்பர் பிளேட்டை உள்ளே தள்ளி, அதன் விளக்கையும் எடுத்துவிட்டான். கேட்டால் ஸ்டைல் என்கிறான். (மதுரை வாசகர்)

மூன்றையும் பழையபடி மாற்றச் சொல்லுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய சிவப்பு விளக்கு 155 மீட்டர் தள்ளித் தெரியாது, பகல் வெயிலில் பிரேக் பிடிப்பதுகூடத் தெரியாது. பின்னால் வருவது மணல் லாரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அவனிடம் நேராகவே சொல்லுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கம்பெனி இன்டிகேட்டர் மஞ்சளாக, விளக்கை விட்டு விலகி இருப்பதே ஹெட்லைட் வெளிச்சத்தில் அது அமுங்கிப்போகாமல் இருக்கத்தான். நம்பர் பிளேட்டுக்கு மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்து 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்றும் 105-வது விதியிலேயே இருக்கிறது. அவனையே யாராவது இடித்துவிட்டு ஓடினால் அந்த வண்டியின் எண்ணைப் படிக்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் வீட்டில் எங்காவது கிடக்கும், பரணில் பாருங்கள். நம்பர் பிளேட் விளக்கின் பல்பு மட்டும் போயிருந்தால், பெரும்பாலும் 5 வாட்தான், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும், அங்கேயே மாட்டியும் தருவார்கள்.